தேசாந்திரம் போனவரின் எண்

'மேற்படியார் தேசாந்திரம் போய் வெகுகாலமாய் யாதொரு தகவலும் இல்லாதபடியால்' என்று பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் ஒரு வரி வரும். அதற்கு அடுத்த வரியிலேயே அவர் பங்கு நிலம் தம்பிமார்களுக்குப் பிரிந்துவிடும். வீட்டில் அவரைப் பற்றிய பேச்சும் அத்தோடு நின்றுபோயிருக்கும். நாலு தலைமுறை கழித்து யாராவது ஒரு பேத்தி, "அவர் எங்கதான் போனார்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

அவர் போன காலம் 1860க்கும் 1911க்கும் நடுவில் விழுந்து, ஊர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் ஒன்றாக இருந்தால், ஒரு சாத்தியத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். அவர் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த நட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாகப் போயிருக்கலாம். முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 அக்டோபர் 12 அன்று மதராஸிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸிலிருந்து போனவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவிலிருந்து. இந்தத் தொகையை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டார்கள். கைக்குழந்தைக்கும் தனி எண். அதற்குக் 'காலனி எண்' என்று பெயர். சம்பளம், கல்யாணம், இடமாற்றம், தண்டனை, சாவு எல்லாமே அந்த எண்ணின் பேரில்தான் எழுதப்பட்டன.

எனவே இந்தத் தேடலில் முதலில் பிடிக்க வேண்டியது அந்த எண்ணை. பெயரை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள்தான் பாதியில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

எந்த வருஷம்?

பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் வருஷத்தை ஐந்தாண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் "எப்போ போனார்?" என்று கேட்டால் "அந்தக் காலத்துல" என்றுதான் வரும். "அவர் போனப்போ வீட்டில் கைக்குழந்தை யார்? யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது? பஞ்சத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். கைக்குழந்தையின் பெயர் கிடைத்தால் அந்தக் குழந்தை பிற்காலத்தில் எழுதிய பத்திரம், பள்ளிச் சான்று, இறப்புப் பதிவு எதிலாவது வயது இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

'தாது வருஷப் பஞ்சம்' என்றால் 1876-77. அடுத்த ஈஸ்வர வருஷமும் பஞ்சத்திலேயே கழிந்தது. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. நந்தன என்று யாராவது சொன்னால் அது 1892-93ஆகவும் இருக்கலாம், 1832-33ஆகவும் இருக்கலாம். எது என்பதைத் தலைமுறைக் கணக்கை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 28 வருஷம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

வருஷம் தெரிந்தாலே எந்தத் தேசம் என்பதில் பாதி தெளிந்துவிடும். நட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1866இல் நின்று, மறுபடி 1874இல்தான் தொடங்கியது. ஆகவே ஒருவர் 1869இல் போனார் என்பது உறுதியானால் அவர் நட்டாலுக்குப் போயிருக்க முடியாது. அந்த வருஷங்களில் மொரீஷியஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்து ஊர் என்றால் பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளும் கணக்கில் வரும். ஃபிஜிக்கு மதராஸிலிருந்து கப்பல் போனது 1903 முதல்தான். இப்படி ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டு வந்தால் திறந்திருப்பது ஒன்றோ இரண்டோதான்.

ஊரில் இருக்கும் காகிதம்

கடல் தாண்டுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. குடும்பத்துக்கு நிலம் இருந்திருந்தால், அந்த மனிதர் இல்லாமல் அதை விற்கவோ பிரிக்கவோ நேர்ந்தபோது 'தேசாந்திரம் போன' வரியை எழுதியே ஆகவேண்டியிருந்தது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படாமல் இருந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. அதனால் பங்குத் தகராறு முன்சீப் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அவர் கடைசியாக எப்போது காணப்பட்டார், யாருக்காவது கடிதம் வந்ததா என்பதெல்லாம் சாட்சி வாக்குமூலத்தில் பதிவாகியிருக்கும். வீட்டில் மறந்துபோன விவரத்தை எதிர்க்கட்சி வக்கீலின் குறுக்கு விசாரணை காப்பாற்றி வைத்திருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று இவ்வளவு பின்னால் போகாது. அலுவலகத்தில் மனு கொடுத்துக் கைத்தேடல் கேட்க வேண்டும். அங்கே இரண்டு வகை அட்டவணை இருக்கும். ஒன்று எழுதிக்கொடுத்தவர் பெயர்வாரி, மற்றது சொத்துவாரி. நீங்கள் சொத்துவாரி அட்டவணையைக் கேளுங்கள். ஆள் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள், சர்வே எண்ணை அப்படி எழுத முடியாது என்பதுதான் காரணம். ஆனால் இன்றைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணோடு போனால் எதுவும் அகப்படாது. மறு அளவையிலும், பிறகு யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டத்திலும் எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதைச் செய்யாமல் போய்விட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்பி வந்தவர்கள் நிறைய.

நிலம் இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி கிடையாது. கப்பல் ஏறியவர்களில் கூலி வேலை செய்தவர்களும் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்களும் ஏராளம். அவர்கள் பேரில் ஊரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அப்படிப்பட்டவர்களுடைய பெயரும், அவர்களுடைய அப்பா பெயரும், கிராமமும் ஒரே வரியில் எழுதப்பட்ட இடம் உலகத்திலேயே அந்தக் கப்பல் பட்டியல் ஒன்றுதான். ஆட்களை வேலைக்குப் பிடிப்பதற்காக எழுதிய கணக்குதான் அது. இன்று அவர்களுடைய பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது அதுதான்.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு பற்றிய அரசு நடவடிக்கைக் கோப்புகளும் ஆண்டறிக்கைகளும் உண்டு. எந்த ஜில்லாவிலிருந்து எத்தனை பேர், எந்தக் கப்பல், என்ன புகார் என்று பின்னணி தெரிந்துகொள்ள அவை உதவும். ஆள்வாரிப் பெயர்ப் பட்டியல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

அந்த ஒரு வரி

நட்டால் கப்பல் பட்டியலைக் கணினிக்கு ஏற்றியிருக்கிறார்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் வழியாக அதைப் பார்க்கலாம். ஒரு வரியில் இடமிருந்து வலமாக வருபவை: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தானா, கிராமம், உயரம், அங்க அடையாளம், வேலைக்கு எடுத்த முதலாளி, குறிப்பு.

ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நம்பத்தக்கது என்பது வேறுவேறு. தகப்பன் பெயர்தான் மிக உறுதியானது. தன் பெயரை மாற்றிச் சொன்னவர்கள்கூட அப்பா பெயரைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். வயது உத்தேசம். இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்றே வரிசையாகப் போகும். ஐந்து வருஷம் முன்னே பின்னே விட்டுத் தேடுங்கள். 'தானா' என்பது வடக்கே போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்கு வழங்கும் சொல். மதராஸ் ஆட்களுக்கு அந்தக் கட்டத்தில் தாலுகா எழுதியிருப்பார்கள். போளூர், ஆரணி, வந்தவாசி, குடியாத்தம், வாலாஜா என்று வருவதெல்லாம் அதுதான். அந்தக் காலத்து வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. சித்தூரும் 1911 வரை அதற்குள்தான் இருந்தது. ஆகவே தமிழ்க் குடும்பம் ஒன்றின் பூர்வீகம் இன்றைய ஆந்திர எல்லைக்குள் விழுவதும் நடக்கும்.

சாதிக் கட்டத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். 'மலபார்' என்று எழுதியிருந்தால் கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்குத் தமிழ் பேசுகிறவன் 'மலபார்', தெலுங்கு பேசுகிறவன் 'ஜென்டூ'. வேறு சில இடங்களில் உண்மையான சாதிப் பெயர் இருக்கும், இன்னும் சில இடங்களில் கிறிஸ்தவர் என்று மட்டும் இருக்கும். சாதி ஒத்துப்போகிறது என்பதற்காக ஒருவரை உங்கள் ஆள் என்று எடுக்கவும் வேண்டாம், ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

அங்க அடையாளம் என்ற கட்டம் பலருக்குத் தொண்டையை அடைக்கும். புருவத்தில் தழும்பு, மார்பில் மச்சம், முன்கையில் பச்சை என்று ஒரு சொல் இரண்டு சொல்லில் இருக்கும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. புகைப்படமே இல்லாத ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி நமக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சியம் அதுதான். வீட்டில் "அவருக்குச் சின்ன வயசுல மாடு முட்டி நெத்தியில காயம்" என்று ஒரு பேச்சு தப்பி வந்திருந்தால் அது இங்கே வந்து பொருந்தும். அதனால்தான் பெரியவர்கள் சொல்லும் எந்தச் சில்லறை விவரத்தையும் எழுதி வைக்காமல் விடக் கூடாது.

பெயர் எப்படியெல்லாம் திரியும்

ஒரு பெயர் குறைந்தது மூன்று காதுகளைத் தாண்டி வந்திருக்கிறது. சொன்னவர் ஒருவர், ஜில்லாவில் எழுதியவர் ஒருவர், டர்பனில் பெயர்த்து எழுதியவர் ஒருவர். நம் காலத்தில் கணினியில் தட்டச்சு செய்தவர் நாலாவது ஆள். இத்தனைக்கும் பிறகு பெயரை நேராகத் தேடினால் அகப்படாது. எந்த ஒலி எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் பிடித்துவிடலாம்.

க ஒலியை ஆங்கிலத்தில் 'கே' போட்டும் எழுதுவார்கள், 'சி' போட்டும் எழுதுவார்கள். குப்புசாமியை இரண்டிலும் தேட வேண்டும். ச ஒலிக்கு 'எஸ்' ஒருபக்கம், 'சி-எச்' ஒருபக்கம். சின்னசாமி இரண்டு இடத்திலும் இருப்பார். எ, ஏ என்று தொடங்கும் பெயர்கள் நம் வாயில் 'யெ' என்று ஒலிப்பதால் எல்லம்மாளும் ஏழுமலையும் 'ஒய்' எழுத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பார்கள். ழ என்பது 'எல்' ஆகிவிடும். உ, ஊ இரண்டுக்குமே இரட்டை 'ஓ' போடுவது அந்தக் காலத்துப் பழக்கம். முனுசாமி 'மூன்சாமி' ஆனதும் சுப்பிரமணி 'சூப்ரமனி' ஆனதும் அப்படித்தான். அன் விகுதி 'என்' ஆகும்: கோவிந்தன் 'கோவிந்தென்', முனியன் 'முனியென்'. கவுண்டர் என்ற பட்டம் 'கோவெண்டர்' ஆகவும், முதலி 'மூட்லி' ஆகவும், நாயுடு 'நைடூ' ஆகவும் நின்றுபோய், இன்றைக்கும் டர்பன் குடும்பங்களின் கடைசிப் பெயராக வழங்குகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளில் உங்கள் ஆளின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் இந்த விதிப்படி எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வடிவம் தேறும். பிறகு பட்டியலை முதலில் ஜில்லா, தாலுகா வாரியாக வடிகட்டி, அதற்குள் அப்பா பெயர் வடிவங்களைத் தேடுங்கள். ஆள் பெயர் கடைசியில். முனுசாமி, கோவிந்தன், வீராசாமி என்ற பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். போளூர் தாலுகாவில், இன்னார் மகன் முனுசாமி என்று சுருக்கிவிட்டால் ஒரு கை விரலுக்குள் வந்துவிடும்.

கிராமப் பெயர் திரிந்திருந்தால் அந்தத் தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலை எடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாதது காதில் விழும்போது தெரிந்துவிடும். பாக்கம், மங்கலம், குப்பம், பாடி என்ற ஈறுகளை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் ஒப்பிடுவது நல்ல பழக்கம். ஈற்றைக் குமாஸ்தாக்கள் பலவிதமாக வெட்டியிருப்பார்கள்.

பெண்ணைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் கணவன் இல்லாமல் தனியாகப் போன பெண்கள் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு. விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு பெண் காணாமல் போனால் வீடு அந்தக் கதையை இன்னும் இறுக்கமாக மூடிவிடும், பெயர்கூட மிஞ்சாது. அப்படியானால் கிராமமும் அப்பா பெயரும் மட்டும் போதும், பெயர் இல்லாமலே தேடுங்கள். கையில் குழந்தையோடு போயிருந்தால் குழந்தையின் எண் அவள் எண்ணை ஒட்டியே வரும்.

முன்னும் பின்னும் இருபது எண்

பொருத்தமான ஒருவர் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அவர் எண்ணுக்கு முன்னால் இருபது, பின்னால் இருபது வரிகளைப் படியுங்கள். ஒரே ஊரில், ஒரே தரகர் கையில் சிக்கியவர்கள் ஒன்றாகப் பதிவாகி, கப்பல் வரும்வரை தங்கவைத்த டெப்போவில் ஒன்றாக இருந்து, ஒன்றாக ஏறியிருப்பார்கள். எண்களும் அடுத்தடுத்து வரும். உங்கள் ஆளின் கிராமக் கட்டம் படிக்க முடியாமல் இருந்து, பக்கத்து வரிக்காரர் உங்கள் ஊரை அடுத்த ஊர் என்றால் அது பலமான சான்று. தங்கையின் புருஷனோ, பங்காளியோ, பக்கத்துத் தெருக்காரரோ கூடப் போயிருப்பது இப்படித்தான் தெரியவரும். ஊரில் இரண்டு வீட்டில் தனித்தனியாகச் சொல்லிவந்த காணாமல் போன கதை ஒரே கதையாக முடிவது இந்த இடத்தில்தான்.

கணினிப் பிரதியில் ஒரு கோளாறு அடிக்கடி வரும். ஒரு வரி தவறி, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கெல்லாம் தகப்பன் பெயர் ஒரு படி நகர்ந்துவிடும். அப்பா பெயர் ஒருவருக்கு, கிராமம் அடுத்தவருக்கு என்று பொருந்தினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பார்த்த பிறகே முடிவு சொல்லலாம். கப்பல் பெயரை மட்டும் எழுதி வைப்பதும் போதாது. 'உம்லாசி', 'உம்வோட்டி' போன்ற கப்பல்கள் பலமுறை வந்து போனவை. எத்தனையாவது பயணம் என்ற எண்ணையோ, வந்துசேர்ந்த தேதியையோ சேர்த்து எழுதுங்கள்.

தகப்பன் பெயர், கிராமம், போன காலம் மூன்றும் பொருந்தினால் அவர்தான் என்று சொல்லலாம். இரண்டு மட்டும் பொருந்தினால் அது ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுதி வையுங்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டால் அடுத்த வாரமே அது குடும்ப வரலாறு ஆகிவிடும், அப்புறம் திருத்தவே முடியாது.

எண் கிடைத்த பிறகு

ஒப்பந்தம் ஐந்து வருஷம். சம்பளம் முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி 14 வரை. முதலாளி கட்டத்தில் ஒரு கரும்புத் தோட்டமோ, நட்டால் அரசாங்க ரயில்வேயோ, நிலக்கரிச் சுரங்கமோ இருக்கும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஐந்து வருஷத்தைப் பின்தொடரலாம்.

தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 'நேர்ஸ்' என்று ஒரு இணையப் பட்டியல் உண்டு. அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்து, காலனி எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பிறகு பெயர் வடிவங்களைப் போட்டுத் தேடுங்கள். 'ஐஐ' என்ற குறியீட்டோடு வருபவை இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகள். 'எம்எஸ்சிஇ' என்று வருபவை இறந்தவர் சொத்துக் கோப்புகள். கோப்பின் தலைப்பு மட்டும்தான் திரையில் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. காப்பகக் குறியீடு, மூலக் குறியீடு, தொகுதி எண், குறிப்பு எண் நான்கையும் அப்படியே எழுதி அனுப்பினால்தான் அவர்களால் கோப்பை எடுக்க முடியும். ஒன்று விடுபட்டாலும் 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும்.

அதே பட்டியலில் 'இருப்பிடம்' என்ற பொருள்படும் 'வேரபவுட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டும் தேடிப் பாருங்கள். போனவரைப் பற்றித் தகவல் கேட்டு ஊரிலிருந்து உறவினர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள், டர்பனில் இருந்த இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்து, கோப்புகளாக இன்றும் இருக்கின்றன. நாம் இன்று கேட்கும் அதே கேள்வியை அவருடைய அம்மாவோ மனைவியோ யாரையாவது பிடித்து எழுதவைத்துக் கேட்டிருக்கிறார்கள். குடும்பம் அவரை மறந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பல வீடுகளில் பொய். அவர்கள் தேடியிருக்கிறார்கள்.

ஐந்து வருஷம் முடிந்த பிறகு என்ன ஆனார் என்பது எந்த வருஷம் போனார் என்பதைப் பொறுத்தது. 1895ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது திரும்பிப் போக வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது நாலு முதல் ஆறு மாதச் சம்பளம். அந்த வரி 1914இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் வரிக்குப் பயந்து மீண்டும் மீண்டும் கையெழுத்துப் போட்டவர்களும், தோட்டத்தை விட்டுத் தலைமறைவானவர்களும் உண்டு. ஊருக்கு வந்துகொண்டிருந்த கடிதம் அந்த வருஷங்களில் நின்றுபோயிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அவர் அங்கேயே கல்யாணம் செய்திருக்கவும் கூடும். 1891ஆம் வருஷத்துச் சட்டப்படி கல்யாணங்களைப் பாதுகாவலரிடம் பதிய வேண்டியிருந்ததால் அது தெரியவரும். ஊரில் காத்திருந்த மனைவியின் வழிவந்த குடும்பத்துக்கு இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். எழுபது எண்பது வயதுப் பாட்டிக்கு அது நேற்று நடந்த துரோகம் மாதிரியே இருக்கும். அந்த இன்னொரு கிளை இன்று டர்பனிலோ, அதை அடுத்த வெருலத்திலோ டோங்காட்டிலோ இருக்கும். அவர்கள் வீட்டுப் பழைய கல்யாணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் அதே காலனி எண் இருக்கும். இரண்டு பக்கத்துக் காகிதத்திலும் ஒரே எண் என்றால் அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. நட்டால் இறப்பு, திருமணப் பதிவுகளின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கிப் பார்க்கலாம்.

திரும்பி வந்தும் வீடு வந்து சேராதவர்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புக் கட்டத்தில் 'இந்தியா திரும்பினார்' என்று தேதியோடு இருக்கும், வீட்டில் வந்த நினைவே இருக்காது. 1927 கேப்டவுன் உடன்பாட்டுக்குப் பிறகு, குடியிருப்பு உரிமையை விட்டுக்கொடுத்துத் திரும்பும் பெரியவர் ஒருவருக்கு 20 பவுன் கொடுத்து அனுப்பினார்கள். வந்து இறங்கியவர்களில் பலருக்கு ஊர் ஒட்டவில்லை. கடல் தாண்டியதற்காகச் சாதியில் சேர்க்கவில்லை, அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே பிழைக்க வழியில்லை. மறுபடி மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்களும், கல்கத்தாவின் மட்டியாபுருஜில் போய்த் தங்கியவர்களும் உண்டு. இப்படிப்பட்டவரின் தடம் மதராஸ் துறைமுகத்தோடு அறுந்துபோகும்.

நட்டால் இல்லையென்றால்

மொரீஷியஸ் பதிவேடுகள் மோக்கா ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களின் நடுவிலிருந்து புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் முகத்தையே பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ஃபிஜிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு குடிபெயர்வுச் சீட்டு, சுவாவில் தேசியக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் நெருங்கிய உறவினர் பெயர் என்று ஒரு வரி உண்டு, அது நட்டால் பட்டியலில் இல்லாத வசதி. பிரெஞ்சுத் தீவுகளில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டு வரும், மேலே சொன்ன ஒலி விதிகளை வேறாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மலாயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி மூலமாகப் போனவர்களுக்கு இதுபோல எண்ணிட்ட பெயர்ப் பட்டியல் எதிர்பார்க்க முடியாது. தோட்டத்துப் பெயரும் கங்காணி எந்த ஊர்க்காரர் என்பதும்தான் தடம். மலாயாவிலிருந்து 1942, 43இல் ஜப்பானியர் பிடித்துப்போய் சயாம்-பர்மா ரயில் பாதை போடவைத்தவர்கள் விஷயம் இன்னும் கொடுமை. 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசை இருக்கிறது. அந்தப் பாதையில் செத்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் எங்கும் இல்லை. அங்கே காகிதத்தைவிட, உயிரோடு திரும்பி வந்த தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போன பேச்சுதான் ஆதாரம். அதைக் கேட்டுப் பதிவுசெய்வதற்கு இனி அதிக காலம் கிடையாது.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் பரிசோதனை நிறுவனம் சொல்லும் உறவுப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு மாமன் மகள், அத்தை மகன் கட்டுவது தலைமுறை தலைமுறையாக வழக்கம். அதனால் தூரத்து உறவுக்காரர்கூட நெருங்கின உறவு மாதிரி அதிக அளவு பங்கிடுவதாகக் காட்டும். 'மூன்றாம் தலைமுறைச் சகோதரர்' என்று வருபவர் உண்மையில் ஐந்தாம் தலைமுறையாக இருக்கலாம். மறுபக்கம், உண்மையான மூன்றாம் தலைமுறைச் சகோதரர்களில் பத்தில் ஒருவரிடம் பொருத்தமே தெரியாமலும் போகும். ஆகவே மரபணுவில் தொடங்காமல், எண் கிடைத்த பிறகு அந்தக் கிளையோடு ஒத்துப்பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் மூத்தவரிடம் எச்சில் மாதிரியை முதலில் எடுங்கள். அவர் ஒரு தலைமுறை கிட்டத்தில் இருக்கிறார்.

தேதி கிடைத்தால்

குறிப்புக் கட்டத்திலோ இறப்புப் பதிவிலோ செத்த தேதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் போனவருக்குத் திதி தெரியாததால் மகாளய அமாவாசையன்றோ ஆடி அமாவாசையன்றோ எல்லோருக்கும் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள், இல்லை பொங்கலுக்கு முன்னால் படையலில் ஒரு இலை கூடுதலாகப் போடுவார்கள். இப்போது அவருக்கென்று ஒரு நாள் எடுக்கலாம். பதிவில் இருப்பது ஆங்கிலத் தேதி. அந்த வருஷத்துப் பழைய பஞ்சாங்கமோ, பழைய ஆண்டுகளுக்குக் கணக்கிடும் பஞ்சாங்கச் செயலியோ வைத்துத் தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் எடுக்க வேண்டும். செத்த நேரம் பெரும்பாலும் எழுதியிருக்காது, திதியோ நாள் நடுவில் மாறும். அன்றைய பஞ்சாங்கத்தில் இரண்டு திதி வந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் இருக்கும் இடத்துக்கான கணக்கில் பார்க்காமல் டர்பனுக்கான கணக்கில் பாருங்கள். அங்கே சூரியன் நமக்குச் சில மணி நேரம் பிந்தித்தான் உதிக்கும். அந்தத் தாளில் மேலே பெயரையும், அப்பா பெயரையும், ஊரையும் தமிழில் நல்ல எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் எண்ணையும் எழுதி, பத்திரக் கட்டில் அந்த 'தேசாந்திரம் போன' பாகப்பிரிவினையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.